பழைய குழுவின் மாத்திரைப் பெட்டி

அன்புள்ள அக்கா,

நான் மின்னணுப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் சமூகசேவை வடிவமைப்பு புராஜெக்ட் என்று ஒரு பாடம் உண்டு, இரண்டு கிரெடிட். நான்கு பேர் சேர்ந்து ஓர் அமைப்புக்குப் போய், அவர்களுக்குத் தேவையான ஒன்றை வடிவமைத்துச் செய்துகொடுக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ஒரு முதியோர் இல்லம். முதல் நாள் போனபோது அலமாரியின் மேல்தட்டில் ஒரு மாத்திரைப் பெட்டி தூசியோடு கிடந்தது. போன வருடக் குழு செய்தது. மாத்திரை நேரத்தில் விளக்கு எரிந்து பீப் அடிக்குமாம். "சத்தம் நிற்கவே மாட்டேன் என்கிறது தம்பி, பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டோம்" என்றார் அங்கிருந்த செவிலியர். இதையே சரிசெய்யலாமா என்று வழிகாட்டிப் பேராசிரியரிடம் கேட்டேன். பழையதைத் தொட்டால் மார்க் வராது, புதிதாக ஏதாவது செய்யுங்கள் என்றார். வகுப்பில் பாதிப் பேர் மார்க்குக்காகச் செய்வதெல்லாம் சேவையா என்று கேட்கிறார்கள், மீதிப் பேர் இது பொறியியலே இல்லை என்கிறார்கள். நீங்கள் சிறப்புப் பள்ளியில் வேலை பார்த்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள தம்பி,

மார்க் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மார்க்குக்காக வருவதில் ஒரு தப்பும் இல்லை. பதினோரு வருடம் உங்களைப் போன்ற குழுக்களை வாசலில் நின்று வரவேற்றவள் என்ற முறையில் சொல்கிறேன். ஆர்வத்தில் மட்டும் வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன், தங்கமான பிள்ளைகள், ஆனால் தேர்வு நெருங்கினால் வர முடியாமல் போய்விடும், அதற்கு அவர்களைக் குறைசொல்லவும் முடியாது. கிரெடிட்டுக்காக வந்தவர்கள் புதன்கிழமை இரண்டு மணி என்றால் இரண்டு மணிக்கு வந்து நின்றார்கள், ஏனென்றால் அது அவர்களுடைய கால அட்டவணையில் இருந்தது, ஆய்வகம் அவர்களுக்காகத் திறந்திருந்தது, வராவிட்டால் ஏன் என்று கேட்க ஓர் ஆசிரியர் இருந்தார். எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது அந்தப் புதன்கிழமைதான். பழகிய முகம் சொன்ன நாளில் வரவில்லை என்றால் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடாமல் இருந்த பிள்ளை எங்களிடம் உண்டு.

அப்புறம், கிரெடிட் எதற்குக் கொடுக்கிறார்கள் என்பதிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. சேவையோடு சேர்ந்த கல்வியைப் பற்றி யோசித்தவர்கள் வெகு காலமாகச் சொல்லிவருவது, கற்றுக்கொண்டதற்குத்தான் கிரெடிட், சேவை செய்த மணிநேரத்துக்கு இல்லை என்று. அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் உங்கள் வகுப்பில் நடக்கும் சண்டையில் பாதி அடங்கிவிடும். நீங்கள் நல்லவர் என்பதற்காக யாரும் மார்க் போடவில்லை. ஒரு பாட்டியின் விரல் எந்தப் பட்டனை அழுத்தும், எதை அழுத்தாது என்று கண்டுபிடித்து, அதற்கேற்ப ஒன்றை வடிவமைத்துக் காட்டியதற்குப் போடுகிறார்கள்.

எனக்குக் கவலை தருவது உங்கள் கடிதத்தில் வந்த அந்த ஒரு வரி. பழையதைத் தொட்டால் மார்க் வராது.

எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். மூளை முடக்குவாதம் உள்ள, பேச்சு வராத பிள்ளைகளுக்காக ஒரு குழு பேசும் பலகை ஒன்று செய்துகொண்டு வந்தது. எட்டுப் படங்கள், எட்டுப் பட்டன்கள். அழுத்தினால் தண்ணீர் வேண்டும், வெளியே போக வேண்டும், பசிக்கிறது என்று பதிவுசெய்த குரல் வரும். டெமோ அன்று எல்லோரும் கைதட்டினோம், நானும்தான், பொய்யாகத் தட்டவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அதிக மார்க் வந்ததாகவும் கேள்விப்பட்டேன்.

மறுவாரம் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் மடியில் அதை வைத்தோம். அவன் கை நினைத்த இடத்தில் இறங்காது, முஷ்டியின் பக்கவாட்டால்தான் அழுத்துவான். மூன்று பட்டன் ஒரே நேரத்தில் அமுங்கி மூன்று குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது. பலகை மடியில் சாய்ந்திருந்ததால் வாயிலிருந்து வழிந்த எச்சில் நேராகப் பட்டன் இடுக்கில் இறங்கியது. மூன்றே வாரத்தில் தண்ணீர்ப் பட்டன் ஒட்டிக்கொண்டு எழும்பவில்லை. குழுத் தலைவருக்குப் போன் செய்தேன், செமஸ்டர் முடிந்து அவர் ஊருக்குப் போயிருந்தார். பின்பக்கத்தைத் திறக்கலாம் என்றால் பேட்டரியைக் கம்பியோடு சேர்த்து ஈயப்பற்று வைத்திருந்தார்கள். பலகை அலமாரிக்குள் போயிற்று.

ஒரு வருடம் கழித்து வந்த குழுவும் புதிதாக ஏதோ செய்யும் யோசனையோடுதான் வந்தது. அவர்களோடு வந்த ஆசிரியர் அலமாரியைத் திறக்கச் சொன்னார். அந்தக் குழுவில் முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி, கருவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் மூன்று புதன்கிழமை பிள்ளைகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தாள். நான்காவது வாரம் என்னிடம் வந்து கேட்டாள்: "மேடம், எட்டுப் பட்டனும் கேட்பதற்குத்தானே இருக்கிறது, வேண்டாம் என்று எதை வைத்துச் சொல்வார்கள்?"

பதினோரு வருட அனுபவத்தில் எனக்கே அது தோன்றியிருக்கவில்லை. பிள்ளைகள் முகத்தைத் திருப்புவதும் தட்டைத் தள்ளிவிடுவதும் அடம் என்றே நாங்கள் எழுதி வைத்திருந்தோம்.

அந்தக் குழு எட்டை நான்காகக் குறைத்தது. அதில் ஒன்று வேண்டாம். பட்டன்களுக்கு மேலே ஓட்டை போட்ட அக்ரிலிக் தகடு ஒன்றைப் பொருத்தினார்கள், கை எங்கே விழுந்தாலும் தகட்டின்மேல் தங்கும், ஓட்டைக்குள் நுழைந்த பகுதி மட்டும் அழுத்தும். பட்டன்களின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை, ஈரத் துணியால் துடைத்துவிடலாம். பேட்டரி மூடியை ஒரு நாணயத்தால் திருகித் திறக்கும்படி மாற்றினார்கள். புதிய கருவி என்று சொல்லிக்கொள்ள அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தப் பையன் முதல் நாள் வேண்டாம் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தான், நாங்கள் ஊட்டும் கையை ஒவ்வொரு தடவையும் நிறுத்தினோம்.

இது பொறியியல் இல்லை என்கிற உங்கள் நண்பர்களிடம் கேளுங்கள், இதில் எது பொறியியல் இல்லை? அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் லியா ஜேமிசன், எட்வர்ட் காயில் என்ற பேராசிரியர்கள் 1995இல் எபிக்ஸ் என்ற பெயரில் உங்களுடையதைப் போன்ற ஒரு பாடத்தை ஆரம்பித்தார்கள். இப்படிப்பட்ட பாடங்களில் உலகம் முழுக்க அதிகம் பேசப்படுவது அதுதான். 2005இல் அந்த இருவருக்கும், கூடச் சேர்ந்து அதை வளர்த்த வில்லியம் ஓக்ஸுக்கும் அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாடமி கார்டன் பரிசு கொடுத்தது, அது பொறியியல் கல்வியில் செய்யும் புதுமைக்காகவே கொடுக்கும் பரிசு. அந்தப் பாடத்தை நிற்க வைத்தது என்று நான் நினைப்பது ஒரே ஒரு ஏற்பாட்டை. ஒரு குழுவில் முதலாம் ஆண்டு மாணவரும் இறுதியாண்டு மாணவரும் சேர்ந்தே இருப்பார்கள், ஒரே மாணவர் பல செமஸ்டர் தொடரலாம், ஒரே அமைப்போடு பல வருடம் வேலை நடக்கும். ஆள் மாறினாலும் குழு மாறாது. அப்படி இருக்கும்போது பழையதைத் தொடாதே என்று சொல்லவே முடியாது, ஏனென்றால் பழையது என்று தனியாக ஒன்று அங்கே இல்லை.

புதிதாகச் செய்தே ஆக வேண்டும் என்ற ஆசை பெரிய ஆட்களையும் விட்டதில்லை. பிளேபம்ப் என்று ஒன்று வந்தது, பிள்ளைகள் விளையாடும் சுழல் ராட்டினம், அது சுற்றச் சுற்ற நிலத்தடி நீர் மேலே தொட்டிக்கு ஏறும். 2006இல் அமெரிக்காவில் அதற்கு 1.64 கோடி டாலர் அறிவித்தார்கள், ஆப்பிரிக்காவில் 2010க்குள் 4,000 வைப்பது இலக்கு. சில இடங்களில் ஏற்கெனவே இருந்த கைப்பம்பை எடுத்துவிட்டு இதை வைத்தார்கள். பிள்ளைகளுக்கு விளையாட்டு அலுத்ததும் பெரிய பெண்கள் அதைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார்கள், பழுதானால் உதிரிபாகத்துக்கும் வழியில்லை. 2009இல் கார்டியன் நாளிதழில் ஒரு கணக்கு வந்தது: சொன்ன அளவு தண்ணீர் கிடைக்கப் பிள்ளைகள் ஒரு நாளில் 27 மணிநேரம் விளையாட வேண்டும். பழைய கைப்பம்பிலேயே தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் இது போதுமா என்று யாராவது கேட்டிருந்தால் போதும்.

அமைப்புகளுக்கும் இதில் செலவு உண்டு என்பதைக் கல்லூரிகள் கணக்கில் எடுப்பதில்லை, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஒவ்வொரு செமஸ்டரும் நான்கு புதுமுகங்கள் வந்து, எத்தனை பிள்ளைகள், என்ன குறைபாடு, என்ன தேவை என்று அதே கேள்விகளைக் கேட்பார்கள், நான் ஒரு வகுப்பை விட்டுவிட்டு வந்து பதில் சொல்வேன். முன்பு வந்த குழுவின் ரெக்கார்டை ஒருவர்கூடப் படித்துவிட்டு வந்ததில்லை. அந்த இரண்டாவது குழு ஒன்றுதான் விதிவிலக்கு.

சரி, நீங்கள் என்ன செய்யலாம். உங்கள் வழிகாட்டியிடம் சரிசெய்கிறேன் என்று சொல்லாதீர்கள், அந்த வார்த்தைதான் அவருக்குச் சின்ன வேலையாகத் தெரிகிறது என்று நினைக்கிறேன். பயன்பாட்டில் தோற்ற ஒரு கருவி, அது ஏன் தோற்றது என்ற ஆய்வு, மறுவடிவமைப்பு, எட்டு வாரம் இல்லத்திலேயே வைத்துச் சோதனை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். கனடாவின் எல்லைகளற்ற பொறியாளர்கள் அமைப்பு 2008 முதல் தங்கள் தோல்விகளையே அறிக்கையாக வெளியிட்டது, அதையும் அவரிடம் காட்டுங்கள். செய்வது அதே வேலைதான், அதன் அளவு அவருக்குத் தெரியட்டும். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் துறைத்தலைவரிடம் போங்கள், மரியாதையாக, அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு.

இல்லத்துக்கு அடுத்த முறை போகும்போது லேப்டாப் வேண்டாம். செவிலியரிடம் பெட்டி ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்காதீர்கள், எந்த நேரத்தில் பேட்டரியைக் கழற்றினீர்கள் என்று கேளுங்கள். அநேகமாக நடு இரவாக இருக்கும். சத்தத்தை நிறுத்தும் பட்டன் எங்கே இருந்தது, அது யார் கைக்கு எட்டும், காது கேட்காத ஒருவர் பக்கத்தில் பெட்டியை வைத்துவிட்டு மற்ற எல்லோரையும் எழுப்பிக்கொண்டிருந்தார்களா, மாத்திரையை எடுத்துவிட்டார் என்பது பெட்டிக்கு எப்படித் தெரியும் என்று பாருங்கள். பகலில் மட்டும் போய்விட்டு வராதீர்கள். அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு ராத்திரி மாத்திரை நேரத்தில் அங்கே இருங்கள்.

போன வருடக் குழுவில் ஒருவராவது இப்போது நான்காம் ஆண்டில் இருப்பார், அவரைப் பிடித்துச் சர்க்யூட் படத்தை வாங்குங்கள். அப்படியே உங்கள் குழுவுக்கு ஒரு முதலாம் ஆண்டு மாணவரையும் கேட்டுப் பாருங்கள், கிரெடிட் இல்லாவிட்டாலும் கூட வந்து பார்க்கட்டும். எந்த அளவு பேட்டரி, எந்தத் திருகு, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று இரண்டு பக்கம் பெரிய எழுத்தில் எழுதி அந்த அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள்.

பெட்டியைத் திறந்து பார்த்ததும் எழுதுங்கள். சத்தம் ஏன் நிற்கவில்லை என்று எனக்கும் தெரிந்தாக வேண்டும்.

அன்புடன்,
அக்கா