ஆய்வகத்துக்குச் செம்மறி ரத்தம்: எவ்வளவு எடுக்கலாம், எப்படி எடுக்கலாம்?

கேள்வி: என்னிடம் 40 செம்மறிகள் உள்ளன. நோய் கண்டறியும் ஆய்வகம் ஒன்று, வாரம் 500 மில்லி ரத்தம் தவறாமல் தர முடியுமா என்று கேட்கிறது. ஆடுகள் தாங்குமா? எப்படிச் சேகரிப்பது?

பதில்: தாங்கும், முறை வைத்து எடுத்தால். செம்மறிக்குக் கிலோவுக்குச் சுமார் 60 மில்லி ரத்தம் உண்டு. 45 கிலோ ஆடு என்றால் 2,700 மில்லி. அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 250 மில்லியோடு நிறுத்திவிட்டு, நான்கு வாரம் அந்த ஆட்டைத் தொடாதீர்கள். இழந்த நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஈடாகிவிடும், சிவப்பணுக்கள் ஊற வாரக்கணக்காகும். ஆடு தெம்பாகத் திரிகிறதே என்று அடுத்த வாரமே மறுபடி எடுப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

வாரம் இரண்டு ஆடு, நான்கு வாரச் சுற்றுக்கு எட்டு. மாற்றுக்கு நான்கு சேர்த்துப் பன்னிரண்டைத் தனிப் பட்டியில் அடையுங்கள். காயடித்த கிடாக்கள் உத்தமம். சினை ஆடும் பால் கொடுக்கும் ஆடும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் கீழ் இமையைப் புரட்டிப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் எடுக்கலாம், வெளிறியிருந்தால் ரத்தம் உறிஞ்சும் குடற்புழுவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மாட்டுக்கான தாது உப்பைச் செம்மறிக்கு வைக்காதீர்கள். அதிலுள்ள தாமிரம் ஈரலில் சேர்ந்து, ஒரு நாள் திடீரென வெளிவந்து சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

ஆன்டிபயாடிக் போட்ட ஆட்டை ஒரு மாதமாவது ஒதுக்கிவையுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆய்வகம் இந்த ரத்தத்தை 5 சதவீதம் கலந்து, கிருமி வளர்க்கும் கூழ்த்தட்டான ரத்த அகார் தட்டு ஊற்றுகிறது; உங்கள் 500 மில்லியில் சுமார் 500 தட்டுகள் வரும். ரத்தத்தில் மருந்து மிச்சமிருந்தால் நோயாளியின் தொண்டையிலிருந்து எடுத்த கிருமி தட்டில் வளராது. கிருமி இல்லை என்றே முடிவு போகும்.

ரத்தத்தைக் கால்நடை மருத்துவர் எடுக்கட்டும், அல்லது அவர் பழக்கிய ஆள். கழுத்துப் பள்ளத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ரோமத்தை ஒட்ட வெட்டி, அழுக்குப் போகக் கழுவி, போவிடோன் அயோடினும் 70 சதவீத ஆல்கஹாலும் மாற்றி மாற்றித் துடைத்து உலர விட வேண்டும். பள்ளத்தின் கீழ்ப்பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் சிரை புடைக்கும். தடித்த ஊசி வேண்டும், 14 அல்லது 16 கேஜ் போதும். மெல்லிய ஊசியில் வேகமாக உறிஞ்சினால் அணுக்கள் உடையும். எடுத்தபின் இரண்டு மூன்று நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

குழாய் வழியே ரத்தம் நேரே, கிருமி நீக்கிய 500 மில்லி குடுவைக்குள் இறங்க வேண்டும். அடியில் 3 முதல் 4 மில்லிமீட்டர் கண்ணாடி மணிகள் ஒரு பரப்பு. உள்ளே ஈரம் இருக்கவே கூடாது, தண்ணீர் பட்டால் சிவப்பணுக்கள் உடையும். முதல் சொட்டு விழும்போதே சுழற்றத் தொடங்கி, எடுத்து முடித்த பிறகும் பத்து நிமிடம் நிதானமாகச் சுழற்றுங்கள். தொடக்கத்தில் மணிகள் கலகலவென ஒலிக்கும். ரத்தத்தைக் கட்டியாக்கும் ஃபைப்ரின் இழைகள் மணிகளைச் சுற்றிக்கொள்ள, ஒலி மழுங்கி, மணிகள் கொத்தாகச் சேரும். இனி ரத்தம் கட்டியாகாது என்பதற்கு அதுதான் அடையாளம். நுரை வரக் குலுக்கினால் கெட்டது. பிறகு மணியையும் இழையையும் விட்டு, ரத்தத்தை மட்டும் கிருமி நீக்கிய புட்டியில் வடித்து, ஆட்டின் காதுத்தோடு எண்ணையும் தேதியையும் எழுதுங்கள்.

2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். குளிரில் பனிக்கட்டியாக உறைய விடாதீர்கள், கொண்டுபோகும்போது பனிக்கட்டிப் பை புட்டியைத் தொடாமல் நடுவே தடித்த துணி வேண்டும். மறுநாள் மேலே தெளிந்த நீர் வைக்கோல் நிறத்தில் நின்றால் நல்ல ரத்தம். சிவப்பேறியிருந்தால் அனுப்பாதீர்கள்.

கோமாரியோ அம்மையோ வந்தால் உங்கள் பட்டியே முடங்கிப் போகும். ஆகவே தொலைவிலுள்ள இன்னொரு வளர்ப்பாளரையும் இதே முறையில் பழக்கி, இருவர் பெயரிலும் ஆய்வகத்தோடு ஒப்பந்தம் எழுதுங்கள். ரத்தம் எடுக்க அனுமதி பெற வேண்டுமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே கால்நடைத் துறையில் கேட்டுவிடுங்கள்.