பட்டிழையும் எலக்ட்ரானும்: விளிம்பு விளைவு பற்றிச் சில கேள்விகள்

தருமபுரியில் ஞாயிறுதோறும் நாங்கள் கூடும் அறிவியல் சந்திப்பில் இம்முறை எடுத்துக்கொண்டது ஒளியின் விளிம்பு விளைவும் (தடையின் ஓரத்தில் அலை வளைந்து பரவுவது) எலக்ட்ரானின் அலைப் பண்பும். நெடுங்காலம் இயற்பியல் நடத்தியவன் என்பதால் கேள்விச் சீட்டுகள் என்னிடம் வந்தன. தொடங்கும் முன் ஒரு வார்த்தை: லேசர் ஒளியை யார் கண்ணிலும் படவிடாதீர்கள்.

பிளஸ் ஒன் மாணவி, பாலக்கோடு: சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா கூப்பிடுவது கேட்கிறது, ஆனால் அம்மா தெரிவதில்லை. ஒலி, ஒளி இரண்டும் அலைதானே சார்?

இரண்டும் அலைதான் அம்மா, அளவில்தான் வேறுபாடு. பேச்சொலியின் அலைநீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். வாசலும் சுவர் முனையும் அதே அளவில் இருப்பதால் ஒலி அவற்றைச் சுற்றி வளைந்து உன்னிடம் வந்துவிடுகிறது. ஒளியின் அலைநீளமோ ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் வளையத்தான் செய்கிறது. அதைக் காண மிக மெல்லிய தடையோ கூர்ந்த பார்வையோ வேண்டும். இத்தாலியப் பாதிரியார் கிரிமால்டிக்கு அந்தப் பார்வை இருந்தது. இருட்டறையில் சிறு துளை வழியே வந்த வெயிலில் ஒரு குச்சியை நீட்டினார். நிழல் கணக்குக்கு மீறி அகன்று, ஓரங்களில் வண்ணக் கோடுகளோடு விழுந்தது. அவர் மறைந்த பிறகு, 1665இல், இதைச் சொல்லும் நூல் அச்சானது.

பட்டுப்புழு வளர்ப்பவர், பென்னாகரம்: கூட்டு இழையின் தடிமனை லேசரால் அளக்கலாம் என்றீர்களாம். எப்படி ஐயா?

போன வாரம் வீட்டில் செய்து பார்த்ததையே சொல்கிறேன். ஒரு கூட்டை வெந்நீரில் ஊறவைத்து, நுனி கண்டுபிடித்து, ஒரு சாண் இழை பிரித்தேன். அட்டையில் சன்னல்போல் ஓட்டை வெட்டி, அதன் குறுக்கே இழையை விறைப்பாக ஒட்டினேன். கடையில் விற்கும் சிவப்பு லேசரை அதன்மேல் செலுத்தினேன். சுவர் இரண்டு மீட்டர் தள்ளி. விளக்கை அணைத்ததும் நடுவில் பளிச்சென்று ஒரு புள்ளி, அதன் இரு பக்கமும் சிவப்புத் துண்டுகள், துண்டுகளுக்கிடையே கறுப்பு. இழையைச் செங்குத்தாகப் பிடித்தால் இந்த வரிசை கிடையாக ஓடுகிறது!

நடுப்புள்ளியிலிருந்து முதல் கறுப்பு வரை 65 மில்லிமீட்டர். அலைநீளத்தைச் சுவரின் தூரத்தால் பெருக்கி இந்த 65ஆல் வகுக்க வேண்டும். எல்லாம் மில்லிமீட்டரில், சிவப்பு லேசரின் அலைநீளம் 0.00065: 0.00065 × 2000 ÷ 65 = 0.02. இதுதான் இழையின் தடிமன். என் தலைமுடியை வைத்தபோது முதல் கறுப்பு 18 மில்லிமீட்டரிலேயே வந்துவிட்டது. முடியின் தடிமன் 0.072. மெலிந்த பொருள்தான் ஒளியை அகலமாக விரிக்கிறது.

உங்கள் தொழிலுக்கு ஒன்று முக்கியம். புழு இரண்டு இழைகளை விட்டு, செரிசின் என்னும் பசையால் ஒன்றாக்குகிறது. அதனால் இழை உருண்டையாக இருக்காது. அட்டையைத் திருப்பினால் அளவும் மாறும். ஐந்தாறு இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். எவர்சில்வர் பாத்திரம் பக்கத்தில் வேண்டாம். அதில் பட்டுத் திரும்பும் லேசரும் கண்ணைக் கெடுக்கும்.

சோப்புக் குமிழியின் வண்ணம் விளிம்பு விளைவா?

இல்லை, குறுக்கீட்டு விளைவு, அதாவது இரண்டு அலைகள் சேர்ந்து ஒன்றையொன்று கூட்டுவதும் குறைப்பதும். அதற்குத் தனியாக ஒரு ஞாயிறு வேண்டும்.

இதில் ஐந்து மதிப்பெண் கேள்வி வருமா?

உங்கள் வகுப்பு ஆசிரியரைக் கேளுங்கள்.

மாந்தோப்புக்காரர், காவேரிப்பட்டணம்: எல்லாப் பொருளுக்கும் அலை உண்டென்றால் மாம்பழத்துக்கும் உண்டா?

உண்டு. நிறையும் வேகமும் கூடக்கூட அலைநீளம் குறையும் என்று 1924இல் பிரெஞ்சு இயற்பியலர் லூயி டி பிராய் சொன்னார். மரத்திலிருந்து விழும் கால் கிலோ பழத்துக்குக் கணக்கிட்டால், புள்ளிக்குப் பின் 33 பூச்சியம் போட்டு அப்புறம் ஒரு 3, அத்தனை மீட்டர். அணுக்கருகூட இதற்கு முன் மலை. அதைக் காட்டும் பிளவு எங்கும் கிடையாது. 100 வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரானுக்கோ 0.123 நானோமீட்டர், படிகத்தில் அணுக்களுக்கு இடையே உள்ள தூரமும் அந்த அளவுதான்.

அமெரிக்காவில் இயற்பியலர்கள் டேவிசனும் ஜெர்மரும் அலையைத் தேடிப் போகவில்லை. நிக்கல் துண்டின்மேல் எலக்ட்ரான்களைச் செலுத்தி, அவை தெறிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1925இல் ஆய்வகத்தில் திரவக்காற்றுப் புட்டி வெடித்து, வெற்றிடக் குழாய் உடைந்து, சூடான நிக்கல் துண்டில் ஆக்சைடு படிந்தது. அதைப் போக்க வெகுநேரம் சூடேற்றினார்கள். உள்ளே இருந்த பொடிப் படிகங்கள் சேர்ந்து பெரிய படிகங்களாகிவிட்டன. அதன் பிறகு எலக்ட்ரான்கள், அலைகள் செய்வதுபோல, சில திசைகளில் மட்டும் குவிந்து தெறித்தன. 1927இல் 54 வோல்ட், 50 பாகை என்று அளந்து வெளியிட்டார்கள். டி பிராய் கணக்கோடு பொருந்தியது.

தொழிற்சாலை ஊழியர், ஓசூர்: எனக்கு ஒப்பவில்லை. கோடி எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் திரையில் கோடுகள் விழுகின்றன. தனி எலக்ட்ரானுக்கு அலை எதற்கு?

நியாயமான சந்தேகம். இதைச் சோதித்துப் பார்த்தே விட்டார்கள். ஜப்பானில் டோனோமுரா குழு 1989இல் வெளியிட்ட சோதனையில், இரண்டு பிளவுகள்போல இரு வழிகள் வைத்து, அப்பால் உள்ள திரைக்கு எலக்ட்ரான்களை அனுப்பினார்கள். எலக்ட்ரானின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,20,000 கிலோமீட்டர். நொடிக்கு ஆயிரம் விட்டாலும் ஒன்று தருமபுரியில் இருக்கும்போது அடுத்தது ஓசூரைத் தாண்டி இருக்கும். ஒன்றையொன்று எப்படித் தள்ளும்?

அவரே: அப்படியானால் ஒவ்வொன்றும் பாதியாகப் பிரிகிறதா?

பாதி எலக்ட்ரானை யாரும் கண்டதில்லை. ஒவ்வொன்றும் திரையில் ஒரு முழுப் புள்ளியாகவே விழுகிறது. முதலில் இறைத்த கேழ்வரகுபோல் ஒழுங்கில்லாமல் கிடக்கும். ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகுதான் கோடுகள் எழும்புகின்றன. தள்ளுமுள்ளு காரணமென்றால் தனித்தனியாக விடும்போது கோடு மறைய வேண்டும், மறையவில்லை.

கல்லூரி மாணவர், தருமபுரி: எந்தப் பிளவு வழியாகப் போனது என்று பார்த்துவிட்டால்?

கோடுகள் போய்விடும். கருவி சரியில்லை என்று நினைக்காதீர்கள், இயற்கையே அப்படி.

மூன்று சீட்டுகள்: எலக்ட்ரான் அலையா, துகளா?

மேலே இரண்டு முறை பதில் வந்துவிட்டது. திரையில் விழும்போது புள்ளி, எங்கே விழும் என்ற கணக்கில் அலை. நான்காவது சீட்டு வேண்டாம்.

மீண்டும் பென்னாகரம்: பச்சை லேசர் ஆகுமா ஐயா?

கணக்குக்கு ஆகும்; 0.00065க்குப் பதில் 0.000532 போடுங்கள், கறுப்புக் கோடுகள் நெருங்கி விழும். ஆனால் மலிவான பச்சை லேசர்களில் பல, மேலே அச்சிட்டதைவிட வீரியமானவை. சிவப்பே வாங்குங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.