பழைய வீடு, புதிய பழுது: கேள்வி பதில்

கேள்வி: சுண்ணாம்புக் காரையால் கட்டிய வீடு. அடிச்சுவரில் பூச்சு உதிர்ந்ததால் சிமெண்டு பூசினோம். இரண்டே ஆண்டில் அதுவும் பெயர்ந்து, இப்போது செங்கல்லே பொடிகிறது. ஏன் ஐயா?

பதில்: படிக்கும்போதே மனம் வலிக்கிறது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான் சுவரைக் கெடுத்திருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் அதிகம்; சுவரில் ஏறும் ஈரம் அதன் வழியே ஆவியாகிவிடும். கெட்டியான சிமெண்டு அந்த வழியை அடைத்ததால், ஈரம் செங்கல்லிலேயே தங்குகிறது. அது காயும்போது, கரைந்திருந்த உப்பு படிகமாகிச் செங்கல்லின் முகத்தை உடைத்துத் தள்ளுகிறது. இன்று நாம் பூசும் போர்ட்லண்ட் வகைச் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றதே 1824-இல்தான். அதற்கு முன் எத்தனையோ நூற்றாண்டுகள் சுவர்களைத் தாங்கியது சுண்ணாம்பு.

முதலில் ஈரம் வரும் வழியைத் தேடுங்கள். வெளியே மண்மட்டம் உயர்ந்திருக்கலாம், மழைநீர்க் குழாய் ஒழுகலாம். அதைச் சரிசெய்யாமல் பூச்சில் கை வைக்காதீர்கள். பிறகு சிமெண்டைச் சிறிது சிறிதாகச் செதுக்கி எடுங்கள். செங்கல்லும் கூடவே பெயர்ந்தால் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். சுவர் காய மாதக்கணக்கில் ஆகும், காத்திருங்கள். அதன்பின் சுண்ணாம்பை மெல்லிய அடுக்குகளாகப் பூசலாம். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் அது இறுகும் என்பதால் ஒவ்வொரு அடுக்குக்கும் அவகாசம் வேண்டும். மேலே பிளாஸ்டிக் பெயிண்டு அடித்தால் பட்ட பாடெல்லாம் வீண். வெள்ளையடித்தால் போதும்.

கேள்வி: ஜன்னல்களின் அடிச்சட்டம் உளுத்துவிட்டது. எல்லாவற்றையும் அலுமினியமாக மாற்றச் சொல்கிறார் தச்சர்.

பதில்: தயவுசெய்து வேண்டாம். உளுத்த துண்டை மட்டும் அறுத்தெடுத்து, அதே வகை மரத்தை ரேகை பொருந்த ஒட்டுப் போடலாம். இந்த வேலை தெரிந்த வேறு தச்சரைத் தேடுங்கள்.

கேள்வி: கதவில் பல அடுக்குப் பெயிண்டு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: சோதிக்காமல் தேய்க்காதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈயம் இருந்தால் அதை அகற்றப் பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள். எப்படியானாலும் ஒரு மூலையில் அடுக்குகளை அப்படியே விட்டுவையுங்கள். இந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் தேர்ந்தெடுத்த நிறங்கள் அத்தனையும் அந்த மூலையில்தான் இருக்கின்றன.

கேள்வி: மாடிப்படிக் கைப்பிடியின் செதுக்கு வேலை பாதி போய்விட்டது. எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அழகாக ஒன்றைச் செய்து பொருத்தலாமா?

பதில்: எஞ்சியிருப்பதிலேயே அதே வடிவம் திரும்ப வந்தால், அதைப் பார்த்துச் செதுக்கலாம். இல்லையென்றால் கற்பனை வேண்டாம். ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது, பழைய கட்டடங்களைக் காப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். செதுக்கு வேலை இல்லாத எளிய மரத்தைப் பொருத்துங்கள்; புதியது என்று பார்த்தவுடன் தெரியட்டும்.

கேள்வி: பழைய மின்கம்பிகளையும் அப்படியே காப்பாற்ற வேண்டுமா?

பதில்: கூடாது, உடனே மாற்றுங்கள். சுவரை வெட்டாமல் மேற்பரப்பிலேயே குழாய் பொருத்திக் கம்பியைக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.