ஆள் குறைச்ச பிறகு மிச்சம் இருக்கிற ஊழியர்களை மறுபடி ஈடுபாட்டோட வேலை செய்ய வைக்கிறது எப்படி?

ஐடி கம்பெனி கணக்கெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரில சூப்பர்வைசரா இருந்தேன், அங்க நடந்ததைச் சொல்றேன்.

ஏழெட்டு வருஷம் முன்னாடி குன்னூர் ஏலத்துல தூள் விலை படுத்துருச்சு, ரெண்டு லைன்ல ஒண்ணை நிறுத்தி 11 பேரை அனுப்பிட்டாங்க. மிச்சம் இருந்தவங்களுக்கு ஓவர்டைம் கட், காலை டீயோட குடுத்த பன்னும் கட் (அதுல என்னத்த மிச்சம் புடிச்சாங்களோ, ஆளுங்க இன்னைக்கும் பேசறது அந்த பன்னைப் பத்திதான்).

யாரும் சண்டை போடல, நேரத்துக்கு வந்தாங்க, போனாங்க. ஆனா வாயைத் திறக்கறது நின்னுருச்சு. முன்னாடியெல்லாம் டிரையர் பேரிங் லேசா கத்தினாலே ஓடி வந்து சொல்லுவாங்க, இப்போ கேட்டா "நான் கவனிக்கல சார்". இலை சரியா வாடலன்னு தெரிஞ்சும் சிடிசில (இலையை நசுக்கிச் சுருட்டற மெஷின்) தள்ளிவிடறது, இலையை வாட வைக்கற ட்ரஃப்பையும் டிரையரையும் ஒரே ஆள் பாக்கறதால ரெண்டுலயும் கோட்டை விடறது. டிரையர்ல இருந்து வர்ற தூள்ல ஈரம் 3 சதவீதம் பக்கம் இருக்கணும், கூடிப்போனா மூட்டையிலயே மணம் போயிரும். ஏலத்துல டீயை ருசி பாத்து தரம் சொல்ற டேஸ்டர் வாயில வெச்சதும் கண்டுபிடிச்சுருவாரு. விலை இன்னும் எறங்குச்சு.

முதலாளி பையன் கோயம்புத்தூர்ல இருந்து ஒரு ட்ரெயினரைக் கூட்டிட்டு வந்தாரு. கேக், பலூன், மியூசிக்கல் சேர். தூள் சலிக்கற செக்ஷன் அக்கா ஒருத்தங்க, "ஏற்கனவே 11 சேரை எடுத்தாச்சே சார், இன்னுமா எடுக்கறீங்க"ன்னு கேட்டாங்க பாருங்க, ட்ரெயினர் சாப்பாட்டுக்கு முன்னாடியே கிளம்பிட்டாரு.

உண்மையில சிக்கிக் கிடந்தது வேற எடத்துல. அப்போ இருந்த 1947 தொழில் தகராறு சட்டப்படி ஒரு மாச நோட்டீஸ் இல்லனா அதுக்குச் சம்பளம், அதோட முழுசா வேலை பாத்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் குடுக்கணும். போனவங்கள்ல பாதிப் பேருக்கு அது வரவே இல்ல. சின்ன ஊருங்க, ஞாயித்துக்கிழமை சந்தையில அவங்களைப் பாக்காம எப்படி இருக்க முடியும், பாத்துட்டு வர்றவன் திங்கக்கிழமை எந்த மனசோட மெஷினைப் போடுவான்? நானும் மொதல்ல இதைக் கண்டுக்கல, அது என் தப்புதான். அப்புறம் முதலாளிகிட்ட ரெண்டு வாரம் நச்சரிச்சு அந்தப் பாக்கியைத் தீர்க்க வெச்சோம். ட்ரஃப்புக்குத் தனியா ஒரு ஆளைப் போட்டோம். நோட்டீஸ் போர்டுல வாராவாரம் நம்ம தூளுக்குக் கெடைச்ச விலையை எழுதினோம், கீழயே "மார்ச் வரைக்கும் யாரையும் அனுப்ப மாட்டோம், அதுக்கப்புறம் எப்படின்னு இப்போ தெரியாது"ன்னும் எழுதினோம். தெரியாதுன்னு எழுதினா பயந்துருவாங்கன்னு முதலாளி சொன்னாரு. எனக்குத் தெரிஞ்சு அவங்க நம்பினதே அந்த ஒரு வார்த்தையைத்தான்.

ஏப்ரல்ல மழை பேஞ்சு இலை வந்து குவிஞ்சதும் ஆள் பத்தல. வெளியாளு சல்லிசா கெடைக்கும்னு கான்ட்ராக்டர் வந்து நின்னாரு. வேலையை விட்டு எடுத்தவங்களுக்குத்தான் மொத வாய்ப்புக் குடுக்கணும்னு அதே சட்டத்துல இருந்துச்சு, அதைக் காட்டி ஆறு பேருக்குச் சொல்லிவிட்டோம். ரெண்டு பேர் அதுக்குள்ள திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிட்டாங்க, நாலு பேர் வந்தாங்க.

அந்த வாரமே ராத்திரி ரெண்டு மணிக்கு போன். "சார், டிரையர் பேரிங் சத்தம் ஒரு மாதிரி இருக்கு, நிறுத்திரவா?"