தோடு எந்தக் காதில்?

கடிதம்:

வணக்கம். 18 வருடங்களாக விளம்பரங்களுக்குப் படம் வரைகிறேன். பிஸ்கட், புடவை, பெயின்ட் என்று வரைந்து சலித்துவிட்டது. இனி சாமி படங்கள் மட்டும் வரையலாம் என்றிருக்கிறேன். விரதம் இருந்துதான் வரைய வேண்டுமா? விளம்பர வேலையை அடியோடு விட்டுவிடலாமா? நான் வரைந்த நடராஜர், அம்பாள் படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

விளம்பரம் வரைந்து பழகிய கை சாமி படத்துக்கு வரும்போது எந்தப் பழக்கங்களைக் கூடவே கொண்டுவருகிறது என்று சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

விரதம் உங்கள் விருப்பம். வேலையை விடுவதும் அப்படித்தான். கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். அவர் வரைந்த தெய்வங்களைத்தான் சிவகாசி காலண்டர்கள் வீடு வீடாகக் கொண்டுபோய் மாட்டின.

படத்துக்கு வருகிறேன். நடராஜரின் முகம் அருமை. அந்தக் கீழுதட்டில் சிரிப்பு இன்னும் தொடங்காமல் நிற்கிறது, அது எல்லோருக்கும் கைவராது. ஆனால் தூக்கிய திருவடி வலது கால். உடுக்கை இடக்கையில், தீ வலக்கையில். பூணூல் வலத் தோளிலிருந்து இறங்குகிறது. ஒன்று மட்டும் தவறியிருந்தால் தெரியாமல் செய்தது என்று விட்டுவிடுவேன். எல்லாமே ஒருசேர மாறியிருக்கிறது. சரியாக வரைந்துவிட்டு, பக்கத்தில் எழுத்து வைக்க இடம் வேண்டுமென்று கம்ப்யூட்டரில் அப்படியே திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். எனக்குக் கோபமே வந்தது. ஒரு காதில் ஆண்கள் அணியும் குழை, மறு காதில் பெண்கள் அணியும் தோடு என்று பிரித்து வரையத் தெரிந்தவர் நீங்கள். இப்போது தோடு வலக்காதில் தொங்குகிறது. அது அம்மையின் பாகம் என்பதற்குத்தானே இடக்காதில் தோடு?

பிஸ்கட் கடிக்கும் குழந்தையைத் திருப்பினால் ஒன்றும் கெடாது. திருமாலைத் திருப்பினால் சக்கரம் இடக்கைக்குப் போய்விடும், வலமார்புத் திருமகள் இடம் மாறிவிடுவாள். அர்த்தநாரியைத் திருப்பினால் அது வேறு மூர்த்தி. மதுரை வெள்ளியம்பலத்தில் நடராஜர் கால் மாறி ஆடுகிறாரே என்று கேட்காதீர்கள். அது அந்தத் தலத்துக்கே உரிய கோலம், அதை வரைவதானால் அதைப் பார்த்து வரையுங்கள்.

ஒன்று செய்யுங்கள். தாளில் முதல் கோடு போடுமுன் உங்கள் இடது ஓரத்தில் 'வ', வலது ஓரத்தில் 'இ' என்று பென்சிலால் எழுதுங்கள். நூல்கள் வலம் என்று சொல்வது சாமியின் வலம், நமக்கு எதிர்ப்பக்கம். பலர் சறுக்குவது இங்கேதான். பிழை பார்க்கத் திருப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம், அதை விட வேண்டாம். அச்சான தாளை ஓரம் வெட்டும் கோட்டுக்கு வெளியே அந்த 'வ' கடைசிவரை இருக்கட்டும். அச்சுக்குப் போகும்போது எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால் படமும் மாறியிருக்கிறது.

அம்பாளுக்குக் கால் நீளம், புடவை விளம்பரப் பெண்ணின் கால் அது. தேவிக்குச் சிற்ப நூல்கள் சொல்லும் அளவுமுறை மத்திம தசதாலம், மொத்த உயரம் 120 அங்குலம். இந்த அங்குலம் ஸ்கேலில் இருப்பதல்ல. நீங்கள் வரையும் உருவம் எவ்வளவு பெரிதானாலும் அதன் உயரத்தை 120 பங்காக்கினால் ஒரு பங்கு. அடிவயிற்றின் கீழ்முனை ஏறக்குறைய சரிபாதியில் விழ வேண்டும். உங்கள் படத்தில் அது மிக மேலே ஏறிவிட்டது. கருவிழியும் ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கிறது, கும்பிட வருபவரை அவள் நேராகப் பார்க்கட்டும்.

நடராஜரைப் பழையபடி திருப்பி வையுங்கள். எழுத்துக்கு, சுற்றியுள்ள தீச்சுடர் வளையமான திருவாசியின் கீழே, பீடத்துக்கு அடியில் வேண்டிய இடம் இருக்கிறது. மாற்றியதும் அனுப்புங்கள், பார்க்கக் காத்திருக்கிறேன்.