அகலத் திரை, லினக்ஸ், விண்டோஸ் கேம்: கேளுங்கள், சொல்கிறேன்

லினக்ஸில் விண்டோஸ் கேம்களை ஓடவைக்கும் கருவிகள் வைனும் புரோட்டானும். புரோட்டான் வருவதற்கு முன்பே வைனோடு மல்லுக்கட்டத் தொடங்கியவன் நான். மேசையில் இருப்பது 3440×1440 அளவுள்ள 34 அங்குல அல்ட்ராவைட் (வழக்கமான 16:9 விகிதத்தைவிட அகலமான) மானிட்டர். கம்ப்யூட்டரில் விண்டோஸ் இல்லை. நிறையக் கேள்விகள் வந்துவிட்டதால் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, லினக்ஸுக்கு இப்போதுதான் வந்தேன். விண்டோஸ் கேம் இங்கே ஓடுவதே ஆச்சரியமாக இருக்கிறது. இதில் அல்ட்ராவைட் வேறு வாங்கிவிட்டேன். தப்புப் பண்ணிவிட்டேனா?

இல்லை தம்பி. வைன் 1993இல் தொடங்கிய திட்டம். அது எமுலேட்டர் அல்ல. கேம் விண்டோஸிடம் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும் துபாஷி, அவ்வளவுதான். அதை எடுத்து, விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் கிராஃபிக்ஸ் கட்டளைகளை, லினக்ஸுக்கும் தெரிந்த வல்கன் கட்டளைகளாக மாற்றும் டிஎக்ஸ்விகே, விகேடி3டி இரண்டையும் சேர்த்து, 2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் புரோட்டான் என்று தன் கேம் கடையான ஸ்டீமுக்குள் வைத்தது. முன்பு ஸ்டீம் செட்டிங்ஸில் கம்பேட்டிபிலிட்டி பக்கத்தைத் திறந்து புரோட்டானை எல்லா கேமுக்கும் அனுமதிக்க வேண்டியிருந்தது, 2025இல் இருந்து அது தானாகவே வந்துவிடுகிறது.

வைன், புரோட்டான், டிஎக்ஸ்விகே என்ற இந்தக் கூட்டத்தில் யாருக்கும் உங்கள் திரை எவ்வளவு அகலம் என்பதில் அக்கறை கிடையாது. கேம் 3440 பிக்சல் அகலத்தில் வரையச் சொன்னால் வரையும், 1920இல் சொன்னால் அப்படி வரையும். அதனால் என்னிடம் யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: இதே கேம், இதே அளவு மானிட்டரில், விண்டோஸில் எப்படி வருகிறது? பிசிகேமிங்விக்கி என்ற இணையதளத்தில் ஒவ்வொரு கேமுக்கும் அல்ட்ராவைட் ஆதரவு உண்டா இல்லையா என்று ஒரு வரி இருக்கும். அங்கே இல்லை என்று போட்டிருந்தால் புரோட்டான் பதிப்பை மாற்றி மாற்றி ஒரு ராத்திரியைத் தொலைக்க வேண்டாம். லினக்ஸில் ஓடுமா என்பதற்குப் புரோட்டான்டிபி என்ற தளம். இரண்டு கேள்வி, இரண்டு இடம்.

கேள்வி: என் மானிட்டர் 3440×1440. டெஸ்க்டாப் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த கேமைத் திறந்தாலும் ரெசல்யூஷன் பட்டியலில் அதிகபட்சம் 2752×1152தான் காட்டுகிறது. இப்படி ஓர் அளவை நான் கேள்விப்பட்டதே இல்லை. புரோட்டான் கோளாறா?

அந்த விசித்திரமான எண்ணை எழுதினீர்களே, அதற்கு நன்றி. 3440ஐ 1.25ஆல் வகுத்துப் பாருங்கள். 2752 வரும். 1440ஐ வகுத்தால் 1152. எழுத்து சின்னதாக இருக்கிறது என்று டெஸ்க்டாப்பில் 125 சதவீத ஸ்கேலிங் வைத்திருக்கிறீர்கள், சரிதானே?

லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் பழைய முறை எக்ஸ்11, புதியது வேலாண்ட். வேலாண்டில் ஓடும் டெஸ்க்டாப்பில் பெரும்பாலான கேம்கள் எக்ஸ்வேலாண்ட் என்ற இடைப்பாலம் வழியாகத்தான் திரைக்கு வருகின்றன. ஸ்கேலிங் போட்டதும் அந்தப் பாலம் சுருங்கிய அளவையே கேமுக்குக் காட்டுகிறது. கேம் அதை நம்பி 2752இல் வரைகிறது, டெஸ்க்டாப் அதை இழுத்து 3440 ஆக்குகிறது. படம் லேசாகக் கலங்கலாக இருந்திருக்குமே, அதற்கும் காரணம் இதுதான். கேடிஇ பிளாஸ்மா என்றால் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் பழைய எக்ஸ்11 செயலிகளைப் பற்றி ஒரு தேர்வு இருக்கும். சிஸ்டம் பெரிதாக்க வேண்டாம், செயலியே பார்த்துக்கொள்ளட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மற்ற டெஸ்க்டாப் என்றால் விளையாடும் நேரத்துக்கு 100 சதவீதத்துக்கு மாற்றுங்கள், அல்லது கேமை கேம்ஸ்கோப்புக்குள் ஓடவிடுங்கள். கேம்ஸ்கோப் பற்றிக் கீழே வருகிறது.

கேள்வி: எல்டன் ரிங் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு வருகிறது. விண்டோஸ் நண்பர் ஒருவர் ஏதோ ஒரு ஃபைலை ஃபோல்டரில் போட்டால் சரியாகிவிடும் என்று கொடுத்தார். போட்டேன், ஒன்றுமே நடக்கவில்லை.

முதலில், அந்தப் பட்டை லினக்ஸ் போட்டதல்ல. அந்த கேம் எங்கே ஓடினாலும் 16:9க்குள், நொடிக்கு 60 ஃபிரேமுக்குள்தான் நிற்கும்.

இப்போது உங்கள் நண்பர் தந்த ஃபைல். பெரும்பாலும் அதன் பெயர் டிஇன்புட்8 அல்லது வின்எம்எம் என்று இருக்கும், கடைசியில் டிஎல்எல். இவை விண்டோஸின் சொந்த ஃபைல்களின் பெயர்கள். கேம் அந்தப் பெயரைத் தேடும்போது உள்ளே நுழைந்துகொள்வதுதான் திருத்தம் செய்பவர்களின் தந்திரம். விண்டோஸில் கேம் ஃபோல்டரில் இருப்பது முதலில் கண்ணில் படும், தந்திரம் பலிக்கும். வைனிடம் அதே பெயரில் அதுவே எழுதி வைத்திருக்கும் ஃபைல் இருக்கிறது. நீங்கள் சொல்லாவிட்டால் தன்னுடையதை எடுத்துக்கொண்டு போய்விடும்.

சொல்வது எப்படி? ஸ்டீமில் கேமின் பிராப்பர்ட்டீஸ், அதில் லாஞ்ச் ஆப்ஷன்ஸ். அங்கே வைன்டிஎல்எல்ஓவர்ரைட்ஸ் (WINEDLLOVERRIDES) என்று ஆங்கிலத்தில், ஒரே சொல்லாக, எல்லாம் பெரிய எழுத்தில் அடியுங்கள். பிறகு சமக்குறி. பிறகு மேற்கோள் குறிக்குள் ஃபைலின் பெயர் (டிஎல்எல் என்ற வால் வேண்டாம்), சமக்குறி, சின்ன என், கமா, சின்ன பி. வெளியில்தான் முதலில் தேடு, கிடைக்காவிட்டால் உன்னுடையது என்று அர்த்தம். கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே கமாண்ட் என்ற சொல். இதை விட்டுவிட்டால் முழு வரியும் வீண். நான் முதல் தடவை மேற்கோள் குறியை மூடாமல் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் புரோட்டானைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. இப்படி ஃபைல் நுழைப்பதை, ஏமாற்றி ஆடுபவர்களைப் பிடிக்கும் ஆன்டிசீட் மென்பொருள் ஏமாற்று வேலையாகத்தான் பார்க்கும். ஆன்டிசீட்டை விலக்கி, ஆஃப்லைனில் மட்டும் ஆடுங்கள். கணக்கு முடக்கப்பட்டால் திருத்தம் எழுதியவரும் வரமாட்டார், நானும் வரமாட்டேன்.

கேள்வி: எனக்குப் பட்டை இல்லை. திரை முழுக்க வருகிறது. ஆனால் எல்லாம் கிட்டே வந்த மாதிரி இருக்கிறது, கதாபாத்திரத்தின் தலையும் காலும் வெட்டுப்படுகின்றன.

அன்ரியல் என்ஜின் என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்த கேமாக இருக்க வேண்டும். திரை அகலமானால் பக்கவாட்டில் கூடுதலாகக் காட்டுவது ஒரு முறை. அகலப் பார்வையை அப்படியே வைத்துக்கொண்டு மேலும் கீழும் நறுக்குவது இன்னொரு முறை. அன்ரியல் 4 சும்மா விட்டால் இரண்டாவதைத்தான் செய்யும். கேம் எழுதியவர்கள் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள்.

நிறைய கேம்களில் ஒரே ஒரு வரியால் சரி செய்யலாம், அந்த ஃபைல் எங்கே என்பதுதான் லினக்ஸில் தலைவலி. புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் தனியாக ஒரு போலி சி டிரைவ் வைத்திருக்கிறது. ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டருக்குள் காம்ப்பேட்டா, அதற்குள் கேமின் எண் (பிராப்பர்ட்டீஸில் அப்டேட்ஸ் பக்கத்தில் இருக்கும்), அதற்குள் பிஎஃப்எக்ஸ், டிரைவ் சி, யூசர்ஸ், ஸ்டீம்யூசர், ஆப்டேட்டா, லோக்கல். அங்கே கேமின் பெயரில், சில சமயம் சம்பந்தமே இல்லாத ஒரு ரகசியப் பெயரில், ஃபோல்டர் இருக்கும். உள்ளே சேவ்டு, கான்ஃபிக், பிறகு அன்ரியல் 4 என்றால் விண்டோஸ்நோஎடிட்டர், 5 என்றால் விண்டோஸ். அதில் என்ஜின் என்ற ஐஎன்ஐ ஃபைல். லோக்கல்பிளேயர் தலைப்பின் கீழ் ஆஸ்பெக்ட்ரேஷியோஆக்சிஸ்கன்ஸ்ட்ரெய்ன்ட் என்பதை மெயின்டெயின்ஒய்எஃப்ஓவி ஆக மாற்றும் வரியைச் சேர்க்க வேண்டும். அச்சுப் பிசகாமல் எழுத வேண்டியது என்பதால் பிசிகேமிங்விக்கியில் இருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். கேம் அதை அழித்து எழுதினால் ஃபைலை ரீட் ஒன்லி ஆக்குங்கள். எல்லா கேமும் கேட்கும் என்று உத்தரவாதம் தரமாட்டேன்.

கேள்வி: 32:9 மானிட்டர் வைத்திருக்கிறேன். ஓரத்தில் இருப்பதெல்லாம் ரப்பரைப் போல இழுபடுகிறது. வல்கன் டிரைவர் பிரச்சினையா?

டிரைவர் பாவம், அதை விட்டுவிடுங்கள். இது ஜியோமெட்ரி. 16:9 திரையில் அகலப் பார்வை 90 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். உயரப் பார்வையை மாற்றாமல் திரையை விரித்தால் 3440×1440இல் அது சுமார் 107 டிகிரி ஆகிறது, 32:9இல் சுமார் 127. வளைந்த உலகத்தைத் தட்டையான தாளில் பரப்புகிறோம். நடுவோடு ஒப்பிட்டால் பக்கவாட்டு இழுப்பு 16:9இன் ஓரத்தில் இரண்டு மடங்கு, உங்கள் மானிட்டரின் ஓரத்தில் ஐந்து மடங்கு. வளைந்த மானிட்டர் வாங்கினாலும் கேமுக்கு அது தெரியாது.

கேமில் எஃப்ஓவி (பார்வைக் கோணம்) ஸ்லைடர் இருந்தால் குறைத்துப் பாருங்கள். கார் ஓட்டும் கேம்களில் ஓரம் இழுபடுவது வேகத்தைக் கூட்டிக் காட்டும், எனக்கு அது பிடிக்கும். துப்பாக்கி கேம்களில் எரிச்சல்தான்.

கேள்வி: 2560×1440இல் நன்றாக ஓடிய கார்டு 3440இல் திணறுகிறது. அவ்வளவு வித்தியாசமா?

பிக்சலை எண்ணினால் 36.9 லட்சத்தில் இருந்து 49.5 லட்சம். ஏறத்தாழ 34 சதவீதம் கூடுதல் வேலை. போதாததற்கு ஓரங்களில் மரமும் வீடும் கூடுதலாகத் தெரிகின்றன.

இங்கேதான் கேம்ஸ்கோப். வால்வின் இன்னொரு கருவி, கேமுக்கென்று ஒரு குட்டித் திரையை உண்டாக்கித் தருகிறது. லாஞ்ச் ஆப்ஷனில் அதன் பெயரை எழுதி, பெரிய எழுத்து டபிள்யூ (-W), எச் (-H) இரண்டிலும் மானிட்டரின் அளவையும், சின்ன எழுத்துகளில் (-w, -h) கேம் வரைய வேண்டிய அளவையும் கொடுங்கள். 2580×1080 வைத்தால் விகிதம் மாறாது, பிக்சல் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். எஃப்எஸ்ஆர் என்ற பெரிதாக்கும் நுட்பத்தைப் போட்டால் அதைக் கூர்மையாகப் பெரிதாக்கும். இறுதியில் இரண்டு மைனஸ் குறி, பிறகு அதே சதவீதக் குறி கமாண்ட். கேமிலேயே எஃப்எஸ்ஆரோ, என்விடியாவின் அதே மாதிரியான டிஎல்எஸ்எஸ்ஸோ இருந்தால் அதுவே மேல், கேம்ஸ்கோப்புக்கு வராதீர்கள்.

கேள்வி: பக்கத்தில் இரண்டாவது மானிட்டர். கேம் அதில் போய்த் திறக்கிறது. இழுத்துக் கொண்டுவந்தால் சுடும்போது மவுஸ் தப்பித்து அங்கே போய்விடுகிறது.

அல்ட்ராவைடை முதன்மை மானிட்டராகக் குறியுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். மவுஸுக்கு, கேம்ஸ்கோப்பில் கர்சரைப் பிடித்து வைக்கும் ஆப்ஷன் இருக்கிறது. ஃபோர்ஸ், கிராப், கர்சர் என்ற மூன்று சொற்களையும் சின்னக் கோட்டால் இணைத்து, முன்னால் இரண்டு மைனஸ் குறி போட்டு எழுத வேண்டும்.

கேள்வி: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், ஆனால் லினக்ஸ் 100க்கு மேல் காட்டவே மாட்டேன் என்கிறது.

எச்டிஎம்ஐ கேபிளில் இருக்கிறீர்கள். எச்டிஎம்ஐ 2.0இன் கொள்ளளவில் 3440×1440 சுமார் 100 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 2.1 இருக்கிறதே என்று ஏஎம்டி கார்டுக்காரர்கள் கேட்பார்கள். திறந்த மூல டிரைவரில் அதைச் சேர்க்க ஏஎம்டி முயன்றபோது எச்டிஎம்ஐ ஃபோரம் அனுமதி மறுத்த செய்தி 2024இல் வெளிவந்தது. டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைச் சொருகுங்கள், வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

கேள்வி: விஆர்ஆர் (கேமின் ஃபிரேம் வேகத்துக்கு ஏற்ப மானிட்டரின் வேகத்தை மாற்றுவது) போட்டால் லோடிங் திரையில் வெளிச்சம் படபடவென்று துடிக்கிறது. மானிட்டர் விஏ வகை எல்சிடி பேனல்.

பேனலைச் சொல்லிவிட்டீர்கள், பதில் அதிலேயே இருக்கிறது. ஃபிரேம் வேகம் தாறுமாறாக ஏறி இறங்கும்போது விஏ பேனல்களில் வெளிச்சம் துடிப்பது தெரிந்த விஷயம், விண்டோஸிலும் துடிக்கும். மாங்கோஹட் என்ற கருவியை வைத்து ஃபிரேம் வேகத்துக்கு ஒரு உச்சவரம்பு போட்டால் குறையும். விளையாடும்போது கேமே கறுத்துக் கறுத்து மின்னினால் அது வேறு கதை. என்விடியா கார்டும் பழைய டிரைவரும் வேலாண்டும் சேர்ந்தால் வரும். 2024இல் வந்த 555 வரிசை டிரைவரில்தான், வரைந்து முடிந்த ஃபிரேம் மட்டும் திரைக்குப் போகும்படி ஒத்திசைக்கும் எக்ஸ்பிளிசிட் சிங்க் சேர்ந்தது. அதற்கும் பழையது என்றால் மாற்றுங்கள்.

எக்ஸ்11இல் இரண்டு மானிட்டர் வைத்துக்கொண்டு விஆர்ஆர் வேலை செய்யவில்லை என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். செய்யாது. வேலாண்டுக்கு வாருங்கள்.

கேள்வி: கதைக் காட்சி வர வேண்டிய இடத்தில் பழைய டிவி மாதிரி வண்ணப் பட்டைகள்.

வீடியோவைத் திறந்து காட்டும் கோடெக் பிரச்சினை. புரோட்டானின் வெளியார் பதிப்பான ஜிஇ-புரோட்டானைப் புரோட்டான்அப்-கியூடி என்ற செயலி மூலம் இறக்கி அந்த கேமுக்கு மட்டும் தேர்ந்தெடுங்கள். வீடியோ வந்த பிறகு பக்கத்தில் பட்டை இருக்கிறதே என்று திரும்ப வராதீர்கள். அது 16:9இல் எடுத்து வைத்த படம்.

கேள்வி: விண்டோஸ் பார்ட்டிஷனில் இருக்கும் ஸ்டீம் கேம்களையே லினக்ஸிலும் ஓட்டலாமா?

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவப் பார்ட்டிஷனா? வேண்டாம். புரோட்டான் தன் ஃபோல்டரில் சி என்ற எழுத்தோடு முக்காற்புள்ளி வைத்து ஓர் இணைப்பை உண்டாக்கும். விண்டோஸுக்கு அந்தப் பெயர் ஆகாது. இடம் இருந்தால் லினக்ஸ் பார்ட்டிஷனில் மறுபடி இறக்குங்கள்.

கேள்வி: வேலோரண்ட், ஃபோர்ட்நைட், ஏபெக்ஸ். இந்த மூன்றும் ஓடினால் இன்றைக்கே மாறிவிடுவேன்.

மாறாதீர்கள். ஈஸி ஆன்டிசீட், பேட்டில்ஐ என்ற ஆன்டிசீட் மென்பொருள்கள் இரண்டும் புரோட்டானுக்கு வழிவிட்டு 2021இலேயே அறிவித்தன, ஆனால் கதவைத் திறப்பது கேம் நிறுவனத்தின் கையில். ஏபெக்ஸ் திறந்திருந்தது, 2024 அக்டோபர் கடைசியில் மூடியது. ஃபோர்ட்நைட் திறக்கவே இல்லை. வேலோரண்டின் ஆன்டிசீட்டான வேன்கார்ட் விண்டோஸின் அடித்தளத்துக்குள் உட்காருவது, வைனுக்குள் அதற்கு இடமே இல்லை.

கேள்வி: 16:9 கேமை நடுவில் நீட்டாமல், ஓரத்தில் வைத்துவிட்டு மீதி இடத்தில் சாட் ஜன்னல் வைக்க முடியுமா அண்ணா?

நான் தினமும் செய்வது இதுதான். கேம்ஸ்கோப்பில் ஃபுல்ஸ்கிரீன் போடாமல் பார்டர் இல்லாத 2560×1440 ஜன்னலாகத் திறந்து இடது ஓரத்தில் ஒட்டுங்கள். வலதுபக்கம் 880 பிக்சல் மிச்சம். சாட் ஒன்று, கீழே பாட்டு ஒன்று, தாராளமாக வைக்கலாம். டாஸ்க்பாரைத் தானாக ஒளிந்துகொள்ளும்படி வையுங்கள், இல்லாவிட்டால் கேமின் அடிப்பகுதியை அது மறைத்துவிடும்.