இரட்டை விலைக்கு ஒரு குட்டிக் கார்

கேள்வி: ஒரு குட்டிக் காரின் லிமிடெட் எடிஷன் மேல் ஆசை வந்துவிட்டது. மொத்தமே 1,000 கார்கள்தானாம். இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் வழக்கமான டாப் மாடலில் இருப்பதுதான். கூடுதலாகத் தோல் இருக்கை, தனி பெயின்ட், மர டேஷ்போர்டு, எண் பொறித்த ஒரு தகடு. விலை ஏறக்குறைய இரு மடங்கு. “பின்னால் மதிப்பு ஏறும், முதலீடாக நினைத்து வாங்குங்கள்” என்கிறார் ஷோரூம்காரர். வீட்டில் “பைத்தியமா?” என்கிறார்கள். பாதிப் பணம் கையில் இருக்கிறது, மீதி கடன். வாங்கலாமா? வாங்கினால் அதிகம் ஓட்டாமல் மூடி வைக்க வேண்டுமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொன்னால், வேண்டாம். ஆசைப்பட்டது தப்பில்லை. அந்தக் கூடுதல் பணம் எங்கே போகிறது என்று பார்த்தால்தான் மனசு ஒப்பவில்லை.

இதே மாதிரி ஒரு கார் ஏற்கெனவே வந்திருக்கிறது. மினி என்ற குட்டிக் கார் பிராண்டும் ரோல்ஸ்-ராய்ஸும் பிஎம்டபிள்யூவின் கையில் இருப்பவை. அந்த உறவை வைத்து 2011-இல் ‘மினி இன்ஸ்பயர்டு பை குட்வுட்’ என்று ஒன்றை அறிமுகப்படுத்தினார்கள் (குட்வுட் என்பது ரோல்ஸ்-ராய்ஸ் தொழிற்சாலை இருக்கும் ஊர்). அதுவும் 1,000 தான். ரோல்ஸ்-ராய்ஸ் தரத்தில் தோல், வால்நட் மரம், கூரைக்கு காஷ்மியர் கம்பளித் துணி, அவர்களுடைய கறுப்பு பெயின்ட். பானெட்டைத் திறந்தால் மினியின் வழக்கமான வேக மாடலான கூப்பர் எஸ்ஸின் அதே 1.6 லிட்டர் டர்போ இன்ஜின், அதே 184 குதிரைத்திறன். பிரிட்டனில் விலை 41,000 பவுண்டு, அதாவது கூப்பர் எஸ்ஸைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வேலைப்பாட்டைக் குறை சொல்லவில்லை. ஆனால் சிக்னலில் பக்கத்தில் நிற்கும் சாதாரண கூப்பர் எஸ்ஸும் அதே வேகத்தில்தான் கிளம்பும், இரண்டிலும் பின் சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கத்தான் செய்யும்.

பிரிட்டனின் சொகுசு ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனமான ஆஸ்டன் மார்ட்டின் விற்ற சிக்னெட் காரின் கதை இன்னும் வேடிக்கை. டொயோட்டா ஐக்யூ என்ற மூன்று மீட்டர் காரை எடுத்து, முகப்பில் ஆஸ்டன் கிரில்லை வைத்து, உள்ளே தோலால் இழைத்து, 30,000 பவுண்டுக்கும் மேல் விலை வைத்தார்கள். 1.3 லிட்டர் டொயோட்டா இன்ஜின் அப்படியே இருந்தது. (பெரிய இன்ஜின் கார்கள் மட்டுமே விற்கும் நிறுவனத்துக்கு, ஐரோப்பிய கார்பன் உமிழ்வு விதிகளில் சராசரியைக் குறைக்க ஒரு குட்டிக் கார் உதவும் என்ற கணக்கும் அதில் இருந்தது, ஆக வாங்குபவரின் தேவையை மட்டும் நினைத்துச் செய்த கார் என்று சொல்ல முடியாது.) ஆண்டுக்கு 4,000 வரை போகும் என்று பேச்சு. 2013-இல் நிறுத்தியபோது மொத்தமாகவே ஆயிரத்தைத் தொடவில்லை. இப்போது அது அபூர்வப் பொருள், நல்ல நிலையில் இருப்பவற்றுக்கு நல்ல விலை கிடைக்கிறது, உங்கள் ஷோரூம்காரர் இதையே உதாரணமாகக் காட்டினாலும் ஆச்சரியமில்லை. ஆனால் அது அபூர்வமானது திட்டம் போட்டு அல்ல, யாரும் வாங்காததால். உங்கள் கார் அந்த வழியில் போகுமா என்று வாங்கும் நாளில் யாராலும் சொல்ல முடியாது. அப்படியே பத்து வருடம் கழித்துப் போட்ட விலை திரும்பக் கிடைத்தாலும், நடுவில் கட்டிய வட்டியும் இன்ஷூரன்ஸும் சர்வீஸும் யார் கணக்கு?

சரி, லிமிடெட் எடிஷன் எல்லாமே ஏமாற்றா என்றால், இல்லை. 2006-இல் வந்த மினி ஜான் கூப்பர் வொர்க்ஸ் ஜிபி 2,000 கார்கள்தான். பின் சீட்டையே எடுத்துவிட்டு, எடையைக் குறைத்து, இன்ஜினை 218 குதிரைத்திறனுக்கு ஏற்றினார்கள். ஃபியட்டின் வேகக் கார் பிராண்டான அபார்த் செய்த 695 பிபோஸ்டோவும் அதே ரகம், குட்டி ஃபியட் 500-இன் உடம்பில் 190 குதிரைத்திறன், எடை 1,000 கிலோவுக்குள், இரண்டே சீட். தினசரி ஓட்டுவதற்கு இரண்டுமே இம்சை. இருந்தாலும் கொடுத்த கூடுதல் காசு ஸ்டீயரிங்கைப் பிடித்ததும் தெரியும், வெளியில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்து அதை அப்படியே செய்துகொள்ளவும் முடியாது. தோல் இருக்கை அப்படியல்ல. டாப் மாடலை வாங்கி, கை தேர்ந்த ஒருவரிடம் விட்டு உங்களுக்குப் பிடித்த தோலில் சீட்டைத் தைத்துக்கொண்டாலும், நீங்கள் சொல்லும் விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு மிச்சம். தகடு மட்டும் கிடைக்காது.

இதற்குப் பிறகும் மனசு அடங்கவில்லை என்றால் சில விஷயங்களை எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தை போதாது. அந்த 1,000 உலகம் முழுவதற்குமா, ஒரு நாட்டுக்கு மட்டுமா? அடுத்த வருடம் நிறத்தை மாற்றி இன்னொரு 1,000 வராது என்பதற்கு என்ன உறுதி? பம்பரில் கீறல் விழுந்தால் அந்தத் தனி பெயின்ட்டை அதே சாயலில் அடிப்பவர் யார், எத்தனை நாள் ஆகும்? முக்கியமாக, கார் திருட்டுப் போனால் இன்ஷூரன்ஸ்காரர் எந்த விலையைக் கொடுப்பார், நீங்கள் கொடுத்ததையா அல்லது சாதாரண மாடலின் விலையையா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வராமல் அட்வான்ஸ் கட்ட வேண்டாம்.

கடன் விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. கையில் இருக்கும் பாதிப் பணத்துக்கு டாப் மாடல் கடனில்லாமல் வந்துவிடும், வீட்டில் சொல்வதும் இதைத்தான் என்று நினைக்கிறேன். முழுப் பணமும் சும்மா கிடக்கிறது, போனாலும் தூக்கம் கெடாது என்ற நிலை இருந்தால் நானே வாங்குங்கள் என்று சொல்லியிருப்பேன். அப்போதும் முதலீடு என்று சொல்லிச் சமாளிக்காமல், ஆசைக்கு வாங்குகிறேன் என்று வீட்டில் நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

அப்புறம், மூடி வைப்பது. ஓடாமல் நிற்கும் காரில் பேட்டரி இறங்கும், ஒரே இடத்தில் அழுந்தி டயரில் தட்டை விழும், பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும், டேங்கில் பெட்ரோல் பழசாகும். எந்தக் காரை வாங்கினாலும் வாரம் ஒருமுறையாவது இன்ஜின் நன்றாகச் சூடாகும் அளவுக்கு ஓட்டுங்கள், சர்வீஸ் பில்லையும் இரண்டாவது சாவியையும் பத்திரமாக வையுங்கள்.